காலடியில் ஓடும் கோச்சி

தெமோதரை ஸ்டேஷன் மேடையில் நின்று, பண்டாரவளைப் பக்கமிருந்து வந்த கோச்சி புறப்பட்டுப் போனதும் வீடு திரும்பிவிடுகிறவர்கள், அந்த ஸ்தலத்தின் விசேஷத்தில் பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மேடையை விட்டகன்ற அதே கோச்சி, தேயிலைக் குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கி, வளைந்து திரும்பி, சில நிமிஷங்களுக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு நேர் கீழே குடைந்திருக்கும் சுரங்கத்துக்குள் புகுந்து பதுளையை நோக்கிப் போகிறது. ஆறு வயதான என் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் குறுக்குப் பாதை வழியே அங்கே போய் வருவதைச் சில மாதங்களாக நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். கோச்சியின் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்ததும் அவள் மேடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, மூச்சுக்கூட விடாமல் காத்திருப்பாள். அடியில் இரைச்சல் எழுந்த மாத்திரத்தில், "தாத்தா, வந்திருச்சு! என் கைக்குக் கீழ ஓடுது!" என்று கூவுவாள்.

அதற்குப் பிறகு நான் கதை சொல்லியாக வேண்டும். இவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் கோச்சியை எப்படி இறக்குவது என்று வழி தெரியாமல் இஞ்சினியர்மார் திகைத்து நின்றார்களாம். அப்போது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் முனையை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே செருகித் தலைப்பாகை கட்டினாராம். அதைக் கண்ட இஞ்சினியருக்குப் பளிச்சென்று வழி புலப்பட்டதாம். இந்த வளைவை வகுத்தவர், பிற்காலத்தில் லக்ஷபான நீர்மின் திட்டத்தின் தந்தை என்று போற்றப்பெற்ற டி. ஜே. விமலசுரேந்திரா என்பது ஏடுகளில் உள்ள செய்தி. கங்காணியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கங்காணி என்ற பதவியோ கடனுக்கும் காவலுக்கும் உரியதாய், எங்கள் பாட்டன்மார் அஞ்சி நடுங்கிய பதவியாய் இருந்தது. ஆயினும் இந்த ஒரு கதையில் மட்டும் அந்த மனிதரை எங்கள் ஜனங்கள் தம்மவராக ஏற்று, பேரப்பிள்ளைகளிடம் பத்திரமாக ஒப்படைத்து வந்திருக்கிறார்கள். மெய்யோ, கற்பனையோ, இத்தனை பெரிய வேலையில் நம்முடைய புத்திக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது.

பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காரியமும் இல்லாமல், பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போய் வருவது எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் நடப்பதுதானே, இதற்கும் ஒரு சரித்திரம் உண்டோ என்று வாசகர்கள் கேட்கலாம். பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் உண்டு. அந்தச் சிறு சந்தோஷம் இங்கே பிறப்போடு வந்த சொத்தன்று. நாலைந்து தலைமுறைகள் பட்ட சிரமத்தின் பலனாக, சிறுகச் சிறுகக் கைக்கு வந்த பாக்கியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவாவின் மலைச்சரிவுகளில் கோப்பி பயிராகத் தொடங்கியபோது, அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் அழைத்துவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரையில் நடந்து, அங்கிருந்தும் பல நாள் மலை ஏறி இறங்கித்தான் பதுளையை அடைய வேண்டும். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு வந்த அந்தப் பிரயாணமே, எங்கள் முன்னோர் இந்த நாட்டில் செய்த முதல் பிரயாணம். கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அது முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகையால் அக்காலத்து லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் உழைக்கிற உடம்புகள் இருந்தனவேயன்றி, பாட்டன் பாட்டி என்று சொல்லத்தக்கவர்கள் அருமையாகவே இருந்தார்கள். கிழவர்களும் குழந்தைகளும் கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் காத்திருந்தார்கள்.

இதை மாற்றியது ஒரு நோய். 1869-இல், பதுளைக்குக் கிழக்கே உள்ள மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் துருப்போன்ற மஞ்சள் பொடி முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பியை ஏறக்குறைய முழுவதுமாக அந்தப் பூஞ்சணம் அழித்தொழித்துவிட, அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஓய்வு காலம் என்று ஒன்று இல்லை. கொழுந்து வாரந்தோறும் துளிர்க்கிறது, வாரந்தோறும் கிள்ளப்பட வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. பெண்கள் வந்ததால் குடும்பங்கள் வந்தன. குடும்பங்கள் தங்கியதால் பிள்ளைகள் லயத்து அறைகளான காம்பிராக்களிலேயே பிறந்தார்கள். அவ்விதம் பிறந்தவர்கள் நரைகண்டு, தங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்ட பிற்பாடுதான், பேரன் பேத்தி என்ற உறவு ஒரே கூரையின் கீழ் வேரூன்றியது. எங்கள் நாட்டில் பாட்டிமாரைக் கொண்டுவந்து சேர்த்தது தேயிலைச் செடி என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் தங்குவது வேறு, தாராளமாய் நடமாடுவது வேறு. 1865-ஆம் ஆண்டின் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போகிறவன் குற்றவாளியாகச் சிறைக்கு அனுப்பப்படலாம். அதற்கும் மேலாக, 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்துகிற துரை இவரைத் தம் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதப்பட்ட சீட்டு அது. அந்தத் துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் பேர் விழாது. வந்த வழிச்செலவு, அரிசி, மழைக்குப் போர்த்துக்கொள்ளும் கம்பளி எல்லாம் அந்தக் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டே போகும்; பெற்றவனின் கடன் பிள்ளையின் காலையும் கட்டும். 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தெமோதரைக் கதையில் வரும் கங்காணியின் தோளில் கிடந்ததும் துண்டு, எங்கள் கொள்ளுப்பாட்டன்மாரின் காலைக் கட்டியதும் துண்டு என்பதை எண்ணும்போதெல்லாம், எங்கள் ஜனங்கள் அந்தக் கதையை ஏன் இவ்வளவு ஆசையோடு காப்பாற்றி வந்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

அக்காலத்தில் குழந்தைப் பருவமும் குறுகியதாகவே இருந்தது. 1927-ஆம் ஆண்டின் சம்பளச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என்று மூன்று தரமாகக் கூலியை வகுத்தது என்ற ஒரு செய்தியே போதும். விடியுமுன், வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக்குத் தப்பு முழங்கியதும் தகப்பனும் தாயும் மலைக்குப் போய்விட, கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பிராவில் ஆயாவின் பொறுப்பிலும், நடக்கத் தெரிந்தவை உழைத்து ஓய்ந்த கிழவிகளின் பொறுப்பிலும் விடப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையிலும், கொழுந்து மண்டி நிற்கும் காலமானால், 'கைக்காசு'க்கு என்று கூடையை மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு வெளியுலகைக் காட்டும் கடமை இயல்பாகவே தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் அம்மாயிக்கும் வந்து சேர்ந்தது.

அவர்கள் காட்டிய உலகம் ஒரு கல் சுற்றளவுக்குள் அடங்கியது. துணி வெளுக்க ஆற்றுக்குப் போகும்போது பேரப்பிள்ளைகளும் கூடவே போவார்கள்; பாறையில் துணி காய்கிற நேரத்தில் கிழவி அவர்களுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டி, ரொட்டியையும் இடித்த சம்பலையும் பிட்டுக் கொடுப்பாள். தேயிலை எல்லைக்கு வெளியே புல் மூடிய பத்தனையில் நெல்லி மரங்கள் நிற்கும். நெல்லிக்காயைக் கடித்துவிட்டு ஆற்று நீரைக் குடித்தால் அது சர்க்கரை போல் இனிக்கும் என்பதே எங்களில் பலர் கற்ற முதல் இரசாயனம். எங்கே நின்றாலும் கண்ணில் படுவது நமுனுகுலை. சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் அந்த மலையின் முகடுகளை விரல் விட்டு எண்ணத் தெரிந்த பேரனுக்குக் கணக்கு வந்துவிட்டது என்று கிழவர்கள் பெருமைப்படுவார்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறட்சியாக வீசும்போது கொழுந்தின் வாசனை மாறுவதையும், உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிக் கியாதி தேடித் தருவது அந்தக் காற்றே என்பதையும் அவர்கள்தான் மூக்கைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு கோச்சி வந்தது. 1894-இல் பண்டாரவளை வரையில் வந்த இருப்புப்பாதை, பதுளையைத் தொட முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924-இல்தான் முதல் கோச்சி பதுளைக்கு வந்து நின்றது. பட்டிப்பொலைக்கு அருகில் 6,226 அடி உயரம் வரை ஏறிய பாதையை, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரமே உள்ள பதுளைப் பள்ளத்தாக்குக்கு இறக்குவதென்றால் இலேசான காரியமா? குகைகளும் வெட்டுகளும் வளைவுகளுமாக, இறங்கும் வழியெல்லாம் மனிதக் கைகளால் மலையோடு மல்லுக்கட்டிய வேலை அது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே, இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு ஏறத்தாழ எண்பது அடி உயரத்துக்கு எழுப்பிய ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் முடிவுற்றது. இன்று தூர தேசங்களிலிருந்து பிரயாணிகள் வந்து அந்தப் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்னமே, காசு கொடுத்துக் கோச்சியில் ஏற வசதியில்லாத தாத்தாமார், பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்ச்சரிவில் நின்று, வளைவுகளின் மேல் அது ஊர்ந்து போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய நாள் முதல் லயமெங்கும் அதே பேச்சு. மன்மதன் எரிகிற இரவில் தோட்டமே திரண்டுவிடும். மலைப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், என் அப்பாயி கம்பளியும், ஒரு போத்தலில் சாயத் தண்ணியும், மடியில் வெல்லக் கட்டியும் எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப் போவாள். நடுச்சாமத்தில் தப்பின் அடி திடீரென்று மாறும். வீரபத்திரர் வேஷக்காரர் தீப்பந்தத்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்து வருவார். நான் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வெற்றிலையும் அடுப்புப் புகையும் ஈரத் தேயிலையும் கலந்த அந்தக் கம்பளியின் வாசனை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் என் நாசியை விட்டுப் போகவில்லை. "பயப்படாதடா ராசா, அது நம்ம பணிய லயத்து மாமாதான்" என்று அப்பாயி காதோடு சொல்லுவாள். சொன்னபின்பும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு கதகதப்பு இருந்தது.

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'டவுன்' என்கிற பதுளைக்குப் போவது பெரிய பிரயாணம். அரிசியும் செத்தல் மிளகாயும் வாங்கி முடித்தபின், கையில் மிஞ்சிய காசில் பேரனுக்கு ஒரு பணிஸும் ஐஸ்பழமும் கிடைக்கும். சென் மார்க்ஸ் தேவாலயத்தைக் கடக்கும்போது தாத்தா ஒரு நிமிஷம் நிற்பார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும், ஊவாவில் பாதைகள் திறந்தவர் என்றும் பேர் பெற்று, 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்துபோன மேஜர் ரோஜர்ஸின் ஞாபகார்த்தமாக எழுந்த கோயில் அது. "பாதை போட்ட தொரைக்குக் கோயில் இருக்கு, மண் சுமந்தவனுக்கு நீதான் இருக்க" என்பார் தாத்தா. அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

வைகாசிப் பூரணையில் வெசாக் பார்க்கப் போவோம். முதியங்கனை விகாரையின் பக்கமெல்லாம் வெளிச்சக் கூடுகளும் பந்தல்களுமாக ஜொலிக்கும். அன்னதானப் பந்தல்களான தன்சல்களில் சிங்களச் சகோதரர்கள் யார் எவர் என்று கேளாமல் எங்கள் கையிலும் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திணிப்பார்கள். பின்வந்த கசப்பான காலங்களில் என் மனம் கல்லாகிவிடாமல் காத்தவற்றில் அந்தப் பொட்டலங்களும் சேர்த்தி. ஆண்டுக்கொரு முறை துன்ஹிந்தைக்கும் போவதுண்டு. பாதையோரமாக ஒரு கல் தூரம் ஏறியும் இறங்கியும் நடந்து, முதலில் தூரத்தே சின்னத் துன்ஹிந்தையைக் கண்டு, இதுதானா என்று ஏமாந்து, கடைசியில் இருநூறு அடிக்கு மேல் உயரத்திலிருந்து பதுளை ஓயா புகையாய்ச் சிதறி விழுவதைக் காணும்போது, கிழவர்களும் குழந்தைகளும் ஒரே வயதினராகிவிடுவார்கள்.

இந்தச் சிறு இன்பங்களை உடைத்துப் போட்டது அரசியல். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. தொகைகளை வகுத்தவர்கள் உறவுகளை வகுத்துப் பார்க்கவில்லை. மகனுக்கு இலங்கை, தகப்பனுக்கு இந்தியா என்று ஒரே காம்பிராவுக்குள் இரண்டு தேசங்கள் உண்டாயின. பதுளையிலிருந்து தலைமன்னாரை நோக்கி ஜனங்களை ஏற்றிச் சென்ற கோச்சிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பேர் விழுந்தது.

என் அம்மாயி அப்படிப் போனவள். எல்லாரும் பதுளை ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்ப வசதி இல்லாததால், புறப்படுவதற்கு முதல் நாள் அவளே ஒரு யோசனை சொன்னாள்: "தெமோதர மலையில வந்து நில்லுங்க, கோச்சி அடியில ஒரு தரம், மேல ஒரு தரம் வரும், ரெண்டு தரம் பாத்துக்கலாம்." அவ்விதமே தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்றேன். கீழே வந்த கோச்சியின் ஜன்னலில் ஒரு வெள்ளைச் சேலை அசைந்தது. கோச்சி ஸ்டேஷனின் அடியில் புகுந்து, குன்றைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. மறுபடியும் அந்தச் சேலை அசைந்தது. தாத்தா இரண்டாம் முறை கையை அசைக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அம்மாயியை நாங்கள் அதன் பிறகு பார்க்கவில்லை.

2003-இல் நிறைவேறிய சட்டம் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை நீக்கியது. துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்து வீடிருந்த இடத்தில் சேற்றைக் கண்டார்கள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை இன்று எத்தனையோ காம்பிராக்களில் பாட்டிகளே வளர்க்கிறார்கள். பதுளை மண்ணில் பிறந்து, ஒரு தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே தரித்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் எழுதிவைத்திராவிட்டால், இந்த வாழ்க்கையின் நெடும்பகுதி எழுத்தில் ஏறாமலே போயிருக்கும். எழுதத் தெரியாதவர்களின் கோடிக்கணக்கான வார்த்தைகளோ பாட்டன் பாட்டிமாரின் நடையிலேதான் காப்பாற்றப்பட்டன: இந்த மதகு இன்னார் கட்டியது, இந்த மேட்டில் இன்னாரைப் புதைத்தோம், இந்த இடத்தில் நின்று அம்மாயியைப் பார்த்தோம் என்று. பேரப்பிள்ளையோடு உலாவப் போவது பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லட்டும். எங்களுக்கு அதுவே கல்வெட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை கோச்சி சுரங்கத்தைத் தாண்டிப் போனபின், நான் கதையைத் தொடங்குமுன்னே என் பேத்தி என் தோளிலிருந்த துண்டை உருவி, தன் தலையில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை அடியில் செருகிக்கொண்டாள். அது கண்ணை மறைத்துச் சரிந்தது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே, "அந்தக் கங்காணி பேரு என்னா தாத்தா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ஒருத்தரும் எழுதி வைக்கல."

அவள் சற்று யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அம்மாயி சேலையை அசைத்த அந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். இருவரும் இறங்கி நடந்தோம்.